கோழிக் கிறுக்கலும் ஒன்பது பெண்களின் கையெழுத்தும்

"கையெழுத்து சரியில்லாவிட்டால் தலையெழுத்து நன்றாயிருக்கும்" என்று சொல்லி அம்மம்மாமார் எங்களைக் காப்பாற்றிவிடுவார்கள். யேர்மன் பாடசாலையில் அந்தச் சலுகை கிடையாது. கிறுக்கி எழுதினால் 'சௌக்லௌவ' என்பார்கள். பன்றியின் குளம்பு என்று பொருள். தமிழில் கோழி கிண்டியது போல என்கிறோம். இரண்டு மொழியிலும் பழி விலங்குகளுக்குத்தான்!

ஆனால் கிறுக்கல் எல்லாமே குற்றமா? கடைக்குப் போகும்போது எழுதும் சீட்டு உங்களுக்கு விளங்கினால் போதும். இன்னொரு வகை எழுத்து இருக்கிறது. உங்களை ஒருபோதும் சந்திக்காத ஒருவர், கேள்வி கேட்க நீங்கள் அருகில் இல்லாதபோது வாசிக்க வேண்டிய எழுத்து. அச்சு இயந்திரம் வருவதற்கு முன்பு எல்லாப் புத்தகங்களும் அப்படித்தான் பிறந்தன. ஒருவர் பார்த்து எழுத, அதைப் பார்த்து இன்னொருவர் எழுதினார்.

அப்படி எழுதப்பட்ட மூன்று புத்தகங்கள் எங்கள் கொலோன் நகரிலேயே இருக்கின்றன. கொலோன் பேராலய நூலகத்தில் அவற்றின் எண்கள் 63, 65, 67. ஏறக்குறைய 1,200 ஆண்டுகள் பழையவை. புனித அகுஸ்தீன் திருப்பாடல்களுக்குச் செய்த விளக்கவுரை, விலங்குத் தோலில் எழுதப்பட்டிருக்கிறது. 818இல் இறந்த கொலோன் பேராயர் ஹில்டபால்டுக்காக இவை எழுதப்பட்டன.

எழுதியவர்கள் பெண்கள். கிர்பால்டா, கிஸ்லில்டிஸ், அக்லெபெர்ட்டா, அட்ருஹிக், அல்டில்டிஸ், கிஸ்லெட்ரூடிஸ், யூசேபியா, வேரா, ஆக்னெஸ் என்று ஒன்பது பெயர்கள் அந்தப் பக்கங்களிலேயே இருக்கின்றன. வேராவும் ஆக்னெஸும் உங்கள் வகுப்பிலேயே இருக்கக்கூடும். இவர்கள் பாரிஸுக்கு அருகே ஷெல் என்ற ஊரில் இருந்த மடத்துக் கன்னியர் என்று பேர்ன்ஹார்ட் பிஷொஃப் என்ற யேர்மன் அறிஞர் 1957இல் வெளியான தன் ஆய்வில் எடுத்துக்காட்டினார். அந்த மடத்தின் தலைவியாக இருந்த கிசெலா, கார்ல் பேரரசரின் சகோதரி. உங்கள் வரலாற்றுப் பாடத்தில் 'கார்ல் டேர் குரோஸ' என்று வருகிறாரே, அவரேதான்.

இந்தக் கார்ல் 789இல் ஓர் ஆணை இட்டார். புத்தகங்களைப் பிழை திருத்தி வைத்திருங்கள். சிறுவர்கள் வாசிக்கும்போதும் எழுதும்போதும் அவற்றைக் கெடுக்க விடாதீர்கள். நற்செய்தி நூல் போன்றவற்றை எழுத வேண்டுமானால் வயது முதிர்ந்தவர்கள் முழுக் கவனத்தோடு எழுதட்டும் என்பது அதன் சாரம். வேடிக்கை என்னவென்றால், பேரரசருக்கே எழுத வராது. அவரோடு பழகிய ஐன்ஹார்ட் அவருடைய வரலாற்றை எழுதினார். கார்ல் எழுதும் பலகைகளைத் தலையணைக்கு அடியில் வைத்திருந்து, ஓய்வு கிடைத்தபோதெல்லாம் எழுதிப் பழகினாராம். பிந்தித் தொடங்கியதால் அதிகம் முன்னேறவில்லையாம். எழுத வராதவருக்கு நல்ல எழுத்தின் அருமை தெரிந்திருந்தது!

அந்தப் பெண்கள் எப்படி வேலை செய்தார்கள்? தோல் தாள்களில் கூரான கருவியால் கோடு கீறுவார்கள். தாள்களை மடித்து ஒன்றுக்குள் ஒன்று வைத்துச் சிறு கொப்பிகள் ஆக்குவார்கள். பெரிய நூலைப் பங்கு பிரித்து, ஒவ்வொருவரும் தன் பங்கை எழுதுவார். பிறகு எல்லாவற்றையும் சேர்த்துக் கட்டினால் ஒரே புத்தகம். ஆகவே ஒருவர் எழுத்து மற்றவர் எழுத்தோடு ஒத்துப்போக வேண்டும். கிர்பால்டா தன் விருப்பப்படி சுழித்து எழுத முடியாது.

அந்தக் காலத்தில் பரவிய தெளிவான சிறிய எழுத்து வடிவத்தின் பரம்பரையில்தான் இன்று உங்கள் கைப்பேசியில் தெரியும் லத்தீன் சிறிய எழுத்துகள் வந்திருக்கின்றன. அதற்கு முன்பு புழங்கிய பின்னிப் பிணைந்த எழுத்துகளை வாசிக்கத் தனிப் பயிற்சியே வேண்டும்.

தன் பங்கு முடிந்த இடத்தில் எழுதியவரின் பெயர் வரும். 'இது என் வேலை, பிழை இருந்தால் என்னிடம் கேளுங்கள்' என்று சொல்வது போல.

எங்கள் மொழிக்கும் இப்படிப்பட்ட கைகள்தான் காவல். தமிழ் நூல்கள் பனை ஓலையில் எழுத்தாணியால் கீறி எழுதப்பட்டன. எங்கள் ஊர்ச் சூட்டிலும் ஈரத்திலும் ஓலை நெடுங்காலம் தாங்காது. பூச்சியும் அரிக்கும். சில தலைமுறைகளுக்கு ஒருமுறை யாராவது புதிய ஓலையில் பார்த்து எழுதாவிட்டால் அந்த நூல் அழிந்துவிடும்.

அதிலும் ஒரு சிக்கல். குத்தினால் ஓலை கிழியும் என்று புள்ளி வைக்கமாட்டார்கள். குறில் எகரமும் நெடில் ஏகாரமும் ஒரே மாதிரி இருக்கும். 'எரி', 'ஏரி' இரண்டும் ஒன்று. நெருப்பா, தண்ணீரா? ரகரமும் காலும் ஒரே வடிவம். அதனால் 'கரடி'யும் 'காடி'யும் ஒன்று. எகர ஏகார வேறுபாட்டைத் தெளிவாக்கும் மாற்றத்தைச் செய்தவர் இத்தாலியிலிருந்து வந்த வீரமாமுனிவர் (1680–1747) என்பார்கள்.

இப்போது நினைத்துப் பாருங்கள். அவசரமாக எழுதும் ஒருவர் ஏரியை எரி ஆக்குகிறார். அடுத்தவர் அதை நம்பி எழுதுகிறார். மூன்றாமவர், 'எரியில் மீன் எப்படி வரும்?' என்று மீனையும் மாற்றிவிடுகிறார்! நல்ல பிரதியாளர் விளங்காத இடத்திலும் உள்ளதை உள்ளபடியே எழுதுவார். பல ஏடுகளின் முடிவில் எழுதியவரின் பெயரும் நாளும், பிழை பொறுக்கும்படி ஒரு வேண்டுகோளும் இருக்கும். ஷெல் மடத்துப் பெண்களைப் போலவே இவர்களும் பொறுப்பேற்றார்கள்.

யாழ்ப்பாணத்துச் சிறுப்பிட்டியில் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளை 1887இல் கலித்தொகையை அச்சிட்டார். அதே ஆண்டில் உ. வே. சாமிநாதையர் சீவக சிந்தாமணியை அச்சிட்டார். இருவரும் ஊர் ஊராக ஏடு தேடி, ஒன்றோடொன்று ஒப்பிட்டு, பிழை களைந்தார்கள். கவனமாக எழுதிய ஏடு ஒன்று கிடைத்தால் அவர்களுக்கு அது புதையல். 1981இல் யாழ்ப்பாண நூலகம் எரிக்கப்பட்டபோது சுமார் 97,000 நூல்களோடு ஓலைச் சுவடிகளும் சாம்பலாயின. வேறெங்கும் பிரதி இல்லாத சுவடி அத்தோடு முடிந்தது. பிரதி இருந்த நூலோ அந்தப் பிரதியில் வாழ்கிறது. அப்போது அதை எழுதிய கை எவ்வளவு கவனமானது என்பதுதான் எல்லாம்.

ஆக, வேறுபாடு அழகில் இல்லை. கிறுக்குபவர் தனக்காக எழுதுகிறார். பிரதியாளர், தான் காணாத ஒருவருக்காக எழுதுகிறார்; எழுதியதை மூலத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கிறார்; தன் பெயரை வைக்கிறார்.

உங்கள் கடைச் சீட்டை எப்படியும் எழுதுங்கள். ஆனால் அம்மம்மா சொல்லும் ஊர்ப் பெயர்களையும் உறவினர் பெயர்களையும் எழுதிவைக்கும் நாளில் மெதுவாக எழுதுங்கள். எழுதியதை அவருக்கு வாசித்துக் காட்டுங்கள். கீழே உங்கள் பெயரும் திகதியும் இருக்கட்டும். கொலோன் கையெழுத்து நூல்களின் படங்கள் இணையத்தில் இருக்கின்றன. ஒருமுறை திறந்து பாருங்கள். லத்தீன் தெரியாவிட்டாலும் எழுத்துகளை ஒவ்வொன்றாகக் கூட்டி வாசிக்க முடியும்.