வாய்க்கால் கரையில் மருளாளி

மெலிந்துபோன மகளின் நோய்க்குக் காரணம் அறியாத தாய், வேலனை வரவழைத்து, முற்றத்தில் மணல் பரப்பி, மறியறுத்து, குருதியில் கலந்த தினையைத் தூவி, முருகன் அவன்மேல் இறங்கி உரைக்கப்போகும் வாக்குக்காகக் காத்திருந்த வெறியாட்டுக் காட்சியைச் சங்கப் புலவர்கள் பலர் பாடினர். அவர்களுள் ஒருவருக்கு வெறிபாடிய காமக்கண்ணியார் என்றே பெயர் நிலைத்தது. வேலனோடு ஒப்பிடத்தக்க சைபீரியப் பழங்குடிகளின் மந்திரவாதி தன் ஆன்மாவை உடலினின்று பிரித்து மேலுலகுக்கும் கீழுலகுக்கும் அனுப்பி மீட்பவன். நம் வேலனோ எங்கும் போவதில்லை, தெய்வமே அவனைத் தேடி வருகிறது. ஊரார் நடுவே வந்து நிற்கும் தெய்வத்தை ஊரார் முகத்துக்கு முகம் கேள்வி கேட்கலாம், முறையிடலாம், வழக்காடவும் செய்யலாம்.

மலைச்சாரலில் பிறந்த இவ்வழிபாடு காவிரிச் சமவெளியில் அழிந்துவிடவில்லை. ராஜராஜன் தஞ்சைப் பெருவுடையாருக்கு அளித்த ஊர்களில் வரியிலிருந்து நீக்கப்பட்ட நிலங்களைக் கணக்கிடும் கல்வெட்டுகள், குளத்தையும் சுடுகாட்டையும் குறிப்பிடும் அதே வரிசையில் பிடாரி, காடுகாள், ஐயன் ஆகிய ஊர்த் தெய்வங்களின் கோயில்களையும் குறிப்பிடுகின்றன. விண்ணளாவிய விமானத்தை எழுப்பிய பேரரசனும் வயல்வெளித் தேவதையின் இடத்தில் கைவைக்கவில்லை என்பதை நான் பெரிதாக மதிக்கிறேன்.

இத்தேவதைகளின் திருவிழாவில், காப்புக் கட்டி விரதமிருந்த சாமியாடி, வாய்க்காலில் முழுகி எழுந்து, மஞ்சள் தோய்ந்த ஈர வேட்டியும் கையில் வேப்பிலைக் கொத்துமாகச் சந்நிதிக்கு வருவான். உடுக்கையின் இடுப்புக் கயிற்றை இறுக்கியும் தளர்த்தியும் உடுக்கைக்காரர் நாதத்தை ஏற்றி இறக்க, பம்பை அதிர, முதலில் அவன் முழங்கால் நடுங்கும், பின் தோள் குலுங்கும், கண் நிலைகுத்தும். "வந்திருக்கிறது யாரு தாயே?" என்று ஊர்ப் பெரியவர் கேட்டு, பெயர் சொல்லப்பட்ட பின்னரே திருநீறும் வாக்கும் வழங்கப்படும்.

திருச்சிராப்பள்ளிப் புத்தூரில், ராஜராஜனின் விருதுப் பெயர் கொண்ட உய்யக்கொண்டான் வாய்க்கால் கரையிலுள்ள குழுமாயி அம்மன் கோயிலில், மாசித் திருவிழாவின்போது தோளில் தூக்கிவரப்படும் மருளாளி என்னும் சாமியாடி, பலியான ஆட்டுக்குட்டிகளின் குருதியைப் பருகுகிறார். சென்னைப் பேராயர் ஒயிட்ஹெட் 1916இல் வெளியிட்ட கிராம தேவதைகள் பற்றிய நூலில் இதனை விவரித்து அருவருப்புற்றார். பேதியும் அம்மையும் வீட்டுக்கு வீடு புகுந்து உயிரைக் கொண்டுபோன காலத்தில், ஊர் முழுவதன் அச்சத்தையும் தன் ஓருடலில் ஏற்று நின்றவன் மருளாளி என்பதை அவர் எண்ணிப் பார்த்திருக்கலாம்.

பெரியம்மை 1970களில் நம் நாட்டைவிட்டே ஒழிந்தது. ஆனால் அம்மையின் சந்நிதி வெறிச்சோடவில்லை. பங்குனி இரண்டாம் ஞாயிற்றுக்கிழமை வலங்கைமான் மாரியம்மன் கோயிலில், கடும் பிணியினின்று மீண்டவர்கள் பிரேதம்போல் பாடையில் படுத்து, உறவினர் தூக்கிவரக் கோயிலைச் சுற்றிவந்து, பூசாரி தெளிக்கும் தீர்த்தத்தைப் பெற்று எழுந்து வீடு திரும்புகிறார்கள்.