பூந்தமல்லியில் சொன்னதும் சொல்லாமல் விட்டதும்

பூந்தமல்லி என்றதும் நம்மில் பெரும்பாலானோருக்கு நினைவுக்கு வருவது பேருந்து நிலையமும் நெடுஞ்சாலை நெரிசலும்தான். அந்த ஊருக்கு இன்னொரு வரலாறும் உண்டு. 1970இல், ஐக்கஃப் என்று அழைக்கப்படும் அனைத்திந்திய கத்தோலிக்கப் பல்கலைக்கழக மாணவர் கூட்டமைப்பு அங்கே தன் தேசிய மாநாட்டைக் கூட்டியது. அங்கிருந்து வந்த அறிக்கைக்கு ‘பூந்தமல்லி பிரகடனம்’ என்றே பெயர். நாம் வாழும் சமூகம் அநீதியானது, அதை மாற்றும் வேலையில் மாணவர்களுக்குப் பங்கு உண்டு என்பதே அதன் சாரம். கல்லூரி மாணவர்களின் பக்திச் சங்கமாக 1924இல் திருச்சியில் தொடங்கிய ஓர் அமைப்பு, அரை நூற்றாண்டுக்குள் இப்படிப் பேசும் இடத்துக்கு வந்திருந்தது.

இதை இன்று ஏன் எடுக்கிறேன்? அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லிப் பக்கம் எந்தப் பங்குக்குப் போனாலும் ஒரே புலம்பல்தான் கேட்கிறது. பிள்ளைகள் புதுநன்மை வாங்குகிறார்கள், உறுதிபூசுதல் முடிக்கிறார்கள், அதன் பிறகு ஆளையே காணோம். இளம் தம்பதிகள் குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுக்க வருகிறார்கள், அடுத்து அந்தக் குழந்தையின் புதுநன்மைக்குத்தான் வருகிறார்கள். அதனால் மறைக்கல்வியைக் காலத்துக்கு ஏற்ப மாற்ற வேண்டும் என்கிறார்கள். காணொளி, செயலி, முகாம், இசை என்று ஆலோசனைகள் வருகின்றன.

மாற்றட்டும். ஆனால் யாருடைய வாழ்க்கைக்கு ஏற்ப மாற்றப்போகிறார்கள்? தமிழ் மண்ணில் மறைக்கல்வி பலமுறை தன்னை மாற்றிக்கொண்டிருக்கிறது. அதில் ஒருமுறை அது சாதிக்கு ஏற்பவே மாறியது. அந்தக் கதை தெரியாமல் அடுத்த மாற்றத்தைப் பேச முடியாது.

மனப்பாடத்தின் காலம்

1540-களில் முத்துக்குளித்துறைக்கு வந்த பிரான்சிஸ் சவேரியார் கையில் மணி ஒன்றை வைத்துக்கொண்டு தெருத் தெருவாகப் போய்ப் பிள்ளைகளைக் கூட்டினார். தமிழில் பெயர்க்கப்பட்ட செபங்களையும் கட்டளைகளையும் சொல்லிக்கொடுத்து, அதை வீட்டில் போய்ப் பெற்றோருக்குச் சொல்லச் சொன்னார். 1578இல் கொல்லத்தில் அச்சான ‘தம்பிரான் வணக்கம்’ இந்திய மண்ணில் இந்திய மொழியின் எழுத்தில் அச்சான முதல் நூல். பதினாறே பக்கம். அதுவும் ஒரு மறைக்கல்விச் சிறுநூல்தான். தமிழ் அச்சின் வரலாறே இங்கிருந்து தொடங்குகிறது.

கேள்வி, பதில், மனப்பாடம் என்ற இந்த முறை ஏறக்குறைய நானூறு ஆண்டுகள் ஓடியது. நம் பாட்டிமார்கள் ‘சின்னக் குறிப்பிடம்’ படித்து ஒப்பித்ததும் இந்த மரபில்தான். எழுத்தறிவே மறுக்கப்பட்ட சேரிக்கு உபதேசியார் வந்து உட்கார்ந்து பிள்ளைகளுக்கு எதையோ கற்றுக்கொடுத்தார் என்பது சின்ன விஷயம் கிடையாது. 1876–78 தாது வருஷப் பஞ்சத்துக்குப் பிறகு வடாற்காட்டின் சேத்துப்பட்டுப் பகுதியில் டாராஸ் சாமியாரிடம் ஆயிரக்கணக்கான பறையர் குடும்பங்கள் திருமுழுக்குப் பெற்றன. கஞ்சிக்காகப் போனார்கள் என்று எழுதிவிடுவது எளிது. தங்களையும் ஓர் ஆளாக மதித்துப் பெயர் வைத்துக் கூப்பிட்ட இடத்துக்கு அவர்கள் போனார்கள் என்பதையும் சேர்த்து எழுத வேண்டும்.

சாதிக்கு ஏற்ற மாற்றம்

1606இல் மதுரைக்கு வந்த இராபர்ட் தெ நொபிலியைப் பண்பாட்டு மயமாக்கலின் முன்னோடி என்று பாராட்டுவது வழக்கம். காவி உடுத்தார், தமிழும் சமஸ்கிருதமும் கற்றார், ஞானோபதேசம் எழுதினார். எல்லாம் உண்மை. ஆனால் அவர் ஏற்றுக்கொண்ட ‘பண்பாடு’ எது? பரதவர் வழிபட்ட கோயிலிலிருந்து ஒதுங்கி, மேல்சாதியாருக்கென்று தனிக் கோயில் கண்டார். ஒடுக்கப்பட்டோரிடம் பழகினால் மேல்சாதியார் விலகிவிடுவார்கள் என்பதால், 1640இல் பல்தசார் தா கோஸ்தாவைக் கொண்டு பண்டாரசாமிகள் என்ற தனி வகைக் குருக்கள் முறை தொடங்கியது. ஒரே சபை, ஒரே விசுவாசம். கற்பிக்க வருகிற சாமியார் மட்டும் சாதிக்கு ஒருவர்.

ரோமுக்கு இது தெரியாமல் இல்லை. நோயுற்ற பறையர்களின் வீட்டுக்குள் போய் அருட்சாதனம் கொடுக்க வேண்டும் என்று கர்தினால் தூர்னோன் 1704இல் புதுச்சேரியில் ஆணையிட்டார். நாற்பது ஆண்டு இழுபறி. கடைசியில் 1744இல் பதினான்காம் பெனடிக்ட் காலத்தில் வந்த தீர்வு என்ன தெரியுமா? பறையர்களுக்கென்றே தனி மிஷனரிகள். சேரிக்குப் போகத்தான் வேண்டும் என்ற கட்டளை, சேரிக்குப் போகத் தனியாக ஆள் வைத்துக்கொள்ளலாம் என்ற ஏற்பாட்டில் போய் முடிந்தது.

மறைக்கல்வி நூலின் எந்தப் பக்கத்திலும் ‘சாதி பார்’ என்று எழுதவில்லை. எழுதத் தேவையே இருக்கவில்லை. கோயிலில் எந்தப் பக்கம் உட்கார்கிறாய், உன் வீட்டுச் சாவுக்கு எந்தக் கல்லறை, தேர் எந்தத் தெருவோடு திரும்பிவிடும் என்பதை எல்லாம் பார்த்துப் பார்த்துப் பிள்ளை தானாகக் கற்றுக்கொண்டது. நாவு ஒப்பித்தது ஒன்று, உடம்பு படித்தது வேறு.

ஆலை வாசலில் ஒரு பாடம்

அடுத்த பெரிய மாற்றம் பெல்ஜியத்திலிருந்து வந்தது. யோசேப் கார்டைன் தொழிலாளி வீட்டுப் பிள்ளை. குருமடத்திலிருந்து விடுமுறைக்கு ஊர் திரும்பியபோது, தன்னோடு படித்து ஆலைக்குப் போன நண்பர்கள் தன்னை எதிரியாகப் பார்ப்பதைக் கண்டார். சபை தொழிலாளியை இழந்துவிட்டது என்று அவருக்குப் புரிந்தது. 1925இல் இளம் கிறிஸ்தவத் தொழிலாளர் இயக்கம் பிறந்தது. அதன் முறை மூன்றே சொல்: பார், தீர்மானி, செயல்படு. முதலில் உன் ஆலையில் என்ன நடக்கிறது என்று பார். அது சரியா என்று நற்செய்தியின் ஒளியில் தீர்மானி. பிறகு, சிறிதானாலும் ஒரு செயலில் இறங்கு. 1961இல் இருபத்து மூன்றாம் யோவான் தன் சமூகச் சுற்றுமடலில் இந்த முறையை ஏற்றுப் பரிந்துரைத்தார்.

அதே காலத்தில் நம் மேற்குப் புறநகர் ஆலைப் பூமியாக மாறிக்கொண்டிருந்தது. அம்பத்தூரில் 1949இல் டிஐ சைக்கிள்ஸ், 1959இல் டன்லப், 1960-களில் தொழிற்பேட்டை, ஆவடியில் டாங்கி தொழிற்சாலை. செங்கல்பட்டு, ஆற்காடு மாவட்டக் கிராமங்களிலிருந்து வேலை தேடி வந்த குடும்பங்களில் தலித் கத்தோலிக்கரும் இருந்தார்கள். ஊரில் தெருவே சாதியைச் சொன்னது. இங்கே ‘சொந்த ஊர் எது?’ என்ற கேள்வி அந்த வேலையைச் செய்தது, இன்றும் செய்கிறது.

இந்தப் பின்னணியில் 1970ஐ வைத்துப் பாருங்கள். இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965இல் முடிந்திருந்தது. 1968இல் மெடலினில் லத்தீன் அமெரிக்க ஆயர்கள் ஏழைகளின் பக்கம் பேசியிருந்தார்கள். அதே ஆண்டு டிசம்பர் 25ஆம் தேதி இரவு, வேளாங்கண்ணி இருக்கும் அதே நாகப்பட்டினம் வட்டாரத்தில், கீழ்வெண்மணியில் 44 பேர் குடிசைக்குள் எரிக்கப்பட்டார்கள். கிறிஸ்து பிறப்பு இரவு அது. இந்தச் சமூகம் அநீதியானது என்று பூந்தமல்லியில் மாணவர்கள் சொன்னது வானத்திலிருந்து விழுந்த சொல் இல்லை. ஒப்பிப்பதிலிருந்து பார்ப்பதற்கு விசுவாசக் கல்வி நகர்ந்ததன் விளைவு அது.

ஆனால் ‘சமூகம்’ என்று சுட்டிய விரல் வெளியே பார்த்தே நின்றது. கோயில் சுவருக்குள் இருந்த சாதியைப் பெயர் சொல்லிக் கூப்பிட மேலும் இருபது ஆண்டுகள் ஆயின. கூப்பிட்டவர்கள் தலித் கிறிஸ்தவர்களே. 1980-களின் இறுதியில் எழுந்த தலித் கிறிஸ்தவ விடுதலை இயக்கம், அதன் அழுத்தத்தில் 1990இல் தமிழக ஆயர் பேரவை அறிவித்த பத்து அம்சத் திட்டம், சபைக்குள் நிலவும் பாகுபாடு பற்றி 1992இல் வந்த அந்தோணிராஜ் அடிகளின் ஆய்வு, அதே ஆண்டு துறவு மடத்தைவிட்டு வெளியேறிய பாமா எழுதிய ‘கருக்கு’. அம்பேத்கர் நூற்றாண்டின் காற்று இவை எல்லாவற்றிலும் வீசியது. 2003இல் தமிழக ஆயர்களைச் சந்தித்த இரண்டாம் யோவான் பவுல், கிறிஸ்தவர்களுக்கிடையே சாதி மனப்பான்மை நிலவுவது உண்மையான மனித ஒருமைப்பாட்டுக்கு எதிரான அடையாளம் என்ற பொருளில் கண்டித்தார். ஐந்தே ஆண்டில், 2008இல், தலித் கத்தோலிக்கர் தனிப் பங்கு கேட்ட எறையூரில் மோதல் வெடித்துத் துப்பாக்கிச் சூட்டில் இருவர் உயிர் போனது. கல்லறைச் சுவர் கதைகளை நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

2016 டிசம்பரில் இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவை தலித் மேம்பாட்டுக் கொள்கையை வெளியிட்டது. நாட்டின் 1.9 கோடி கத்தோலிக்கரில் 1.2 கோடிப் பேர் தலித்துகள் என்றும், சபைக்குள் தீண்டாமை இருக்கிறது என்றும் அது ஒப்புக்கொண்டது. மறைக்கல்வி வகுப்பில் உட்கார்ந்தவர்களாக உங்களில் பலர் இருப்பீர்கள். இந்த ஆவணத்தை அங்கே யாராவது உங்களுக்கு வாசித்துக் காட்டினார்களா?

ஞானஸ்நானமும் சாதிச் சான்றிதழும்

இன்றைய இளம் தலித் கத்தோலிக்கக் குடும்பத்தின் உண்மையான நெருக்கடி என்ன? 1950ஆம் ஆண்டு குடியரசுத் தலைவர் ஆணை கிறிஸ்தவரானவரைப் பட்டியல் சாதியிலிருந்து வெளியே தள்ளுகிறது. 1956இல் சீக்கியருக்கும் 1990இல் பௌத்தருக்கும் கதவு திறந்தது. கிறிஸ்தவருக்கும் முஸ்லிமுக்கும் திறக்கவில்லை. தமிழ்நாட்டில் அவர்கள் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வைக்கப்படுகிறார்கள். சென்னைச் சாலையோரத்தில் செருப்புத் தைத்த சூசை, மற்றத் தொழிலாளர்களுக்கு அரசு இலவசமாகக் கொடுத்த பெட்டிக்கடை தனக்கு மட்டும் ஏன் இல்லை என்று கேட்டு உச்ச நீதிமன்றம் போனார். மதம் மாறிய பிறகும் அதே அளவு கொடுமை தொடர்கிறது என்று காட்டப்படவில்லை என்று 1985இல் தீர்ப்பு வந்தது. 2024 நவம்பரில், குழந்தைப் பருவத்தில் ஞானஸ்நானம் பெற்ற புதுச்சேரிப் பெண் ஒருவரின் பட்டியல் சாதிக் கோரிக்கையை அதே நீதிமன்றம் நிராகரித்தது. பிரச்சினையை ஆராய 2022இல் பாலகிருஷ்ணன் ஆணையம் வேறு அமைக்கப்பட்டது.

ஆகவே ஆவடியில் ஒரு தலித் தம்பதி தன் குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுக்கலாமா என்று யோசிக்கும்போது, ஆதாம் ஏவாளின் பாவத்தை மட்டும் யோசிப்பதில்லை. அந்தக் குழந்தையின் கல்லூரி இடத்தையும் வேலையையும் சேர்த்தே யோசிக்கிறது. கோயிலில் ஒரு பெயர், சான்றிதழில் ஒரு பெயர் என்று வளரும் பிள்ளைக்கு ‘பொய் சொல்லாதே’ என்று எட்டாம் கட்டளையை எப்படிச் சொல்லிக்கொடுப்பது? இளைஞரும் குடும்பங்களும் ஏன் விலகிப் போகிறார்கள் என்று கேட்பவர்கள் முதலில் உட்கார்ந்து பேச வேண்டியது இதைப் பற்றித்தான்.

இன்னொன்று கல்யாணம். சாதி கற்பிக்கப்படும் முதல் பள்ளிக்கூடம் வீடு. அது உறுதியாக்கப்படும் இடம் மணமேடை. திருமணத் தயாரிப்பு வகுப்பில் பணம், மாமியார், குழந்தை வளர்ப்பு எல்லாம் பேசப்படுகிறது. சாதி பார்த்துத்தான் இந்த வரன் முடிவானதா என்று யாரும் கேட்பதில்லை. 1956 அக்டோபர் 14இல் நாகபுரியில் அம்பேத்கர் தன் மக்களுக்கு 22 உறுதிமொழிகளைக் கொடுத்தார். எதை ஏற்கிறோம் என்பதோடு எதை விட்டொழிக்கிறோம் என்பதையும் அதில் வரிசையாகச் சொல்ல வைத்தார். பெரியவர்களுக்கான விசுவாசக் கல்வி என்றால் அதற்கு நம் கண்முன் இருக்கும் பெரிய உதாரணம் அது. பாஸ்கா இரவில் ஞானஸ்நான வாக்குறுதியைப் புதுப்பிக்கும் சபை சாத்தானை விட்டுவிடுவதாகச் சொல்கிறது. சாதியை விட்டுவிடுவதாகச் சொல்ல வைக்க எவ்வளவு நேரம் ஆகும்?

என்ன கேட்பது?

2011இல் இளைஞருக்கென்றே ‘யூகேட்’ மறைக்கல்வி நூல் வந்தது. 2018இல் இளைஞர் குறித்து ரோமில் ஆயர் மாமன்றம் நடந்தது, மறு ஆண்டு போப் பிரான்சிஸின் மடல் வந்தது. இளைஞர் வெறும் கேட்பாளர்கள் அல்ல, செயல்படுபவர்கள் என்று அந்த மடல் சொல்கிறது. நல்லது. அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டே நம் பங்குகளில் கேட்போம்.

அன்பியக் கூட்டம் செபமாலையோடு முடிந்துவிடாமல், அந்த வாரம் தெருவிலும் ஆலையிலும் நடந்ததிலிருந்து தொடங்கட்டும். ஒப்பந்த வேலையில் ஞாயிறும் ஷிஃப்ட் பார்ப்பவருக்கு ஏற்ற நேரத்தில் நடக்கட்டும். 2016 கொள்கையும் 1950 ஆணையும் மேல்வகுப்பு மறைக்கல்வியில் பாடமாகட்டும். திருமணத் தயாரிப்பில் சாதி மறுப்பு பேசப்படட்டும், சாதி மறுத்து மணந்த தம்பதிகளே வந்து பேசட்டும். பூந்தமல்லியில்தான் திரு இருதய குருமடமும் இருக்கிறது. நாளைக்கு வகுப்பெடுக்கப் போகிறவர்கள் அங்கே படிக்கிறார்கள். அவர்களோடும் பேசுவோம்.

தோழர்களே, பூந்தமல்லிப் பிரகடனத்தைத் தேடி எடுத்துப் படியுங்கள். அந்த மாணவர்களுக்கு உங்கள் வயதுதான். அவர்கள் சமூகத்தைப் பார்த்துச் சொன்னதை, நீங்கள் உங்கள் கோயிலையும் உங்கள் வீட்டையும் பார்த்துச் சொல்லுங்கள்.

ஜெய்பீம்!