சதுரத்துள் அடங்கிய நிலம்: மீட்புநிலத் தாவர அளவீட்டின் வரலாறு குறித்துச் சில சிந்தனைகள்

அளவிடும் முறைகள் சமுதாயச் சார்பற்றவை என்ற எண்ணம் இன்றும் வலுவாக நிலவுகின்றது. இலக்கிய வடிவங்களை அவற்றின் சமூக அடித்தளத்தோடு இணைத்தே நோக்கவேண்டும் என வாதிட்டுவரும் நாம், அதே வினாவை ஓர் அளவுமுறையை நோக்கியும் எழுப்புதல் பொருத்தமானதே. சுரங்கத்தாற் சிதைந்து, பின்னர் மீட்கப்பட்ட நிலத்தின் தாவரங்களை மாதிரியெடுத்து அளக்கும் முறைகளை, ஐக்கிய அமெரிக்காவின் அனுபவத்தைக் கொண்டு இங்கு ஆராய்வோம்.

நெபிராஸ்காப் பல்கலைக்கழகத்திலே சார்ள்ஸ் பெஸ்ஸியிடம் பயின்ற றொஸ்கோ பவுண்ட், பிரெடெரிக் கிளெமென்ற்ஸ் ஆகிய இருவரும் 1898இல் ஒரு முறையை முன்வைத்தனர். கண்ணாற் பார்த்து மதிப்பிடுகையில், எடுப்பாகத் தோன்றும் செடிகளே மிகுதியானவை என்ற மயக்கம் ஏற்படுவதை அவர்கள் உணர்ந்தனர். எனவே 5 மீற்றர் பக்கமுடைய சதுரங்களை நிலத்தில் வகுத்து, அவற்றுள் நின்ற செடிகளை ஒவ்வொன்றாக எண்ணினர். இம்முயற்சியின் வரலாற்றுப் பின்னணி கவனத்துக்குரியது. 1862ஆம் ஆண்டின் குடியேற்றச் சட்டம் குடும்பமொன்றுக்கு 160 ஏக்கர் வழங்கியது, 1870களில் போனி மக்கள் அம்மண்ணிலிருந்து அகற்றப்பட்டனர், புல்வெளி உழுநிலமாகியது. புல்வெளி மறைந்துகொண்டிருந்த வேளையிலேயே அதனை எண்ணும் முறையும் தோன்றியது எனலாம்.

பின்வந்த முறைகளும் உற்பத்தித் தேவைகளோடு பிணைந்தவையே. 1933இல் நியூசிலாந்தில் லெவியும் மடனும் வகுத்த ஊசிமுனைப் புள்ளிமுறை மேய்ச்சற்றரையை ஆராய எழுந்தது. 1941இல் கான்பீல்ட் விளக்கிய கோட்டுமுறையும் மேய்ச்சல்நிலத் தாவரத்துக்கானதே.

இம்மரபு சட்டத்தினுட் புகுந்தது மக்களின் துயரத்தினூடாகவே. 1972 பெப்ரவரி 26இல் மேற்கு வேர்ஜீனியாவின் பவலோ கிறீக்கில் நிலக்கரிக் கழிவணை உடைந்து 125 பேர் மாண்டனர். திறந்தவெளிச் சுரங்கத்துக்கு எதிரான குரல்கள் வலுத்தன. ஜனாதிபதி போர்ட் 1974இலும் 1975இலும் மசோதாவை நிராகரித்தார். 1977 ஓகஸ்ட் 3இல் காட்டர் ஒப்பமிட்டார். சுரங்க நிறுவனம் பிணைப்பணம் கட்டவேண்டும். பல்வகைமையுடைய, நிலைபேறான தாவரப் போர்வையை உருவாக்கவேண்டும். அதற்கான பொறுப்புக் காலம் 5 ஆண்டு. ஆண்டு மழை 26 அங்குலமோ அதற்குக் குறைவோ எனின் 10 ஆண்டு. விதிகளின்படி, போர்வை குறித்த தரத்தில் 90 வீதத்தை எட்டியுள்ளதென 90 வீதப் புள்ளியியல் நம்பகத்தோடு காட்டப்படல் வேண்டும்.

இங்குதான் முரண்பாடு வெளிப்படுகின்றது. எண்ணிக்கை நிறைவேறினாற் பிணைப்பணம் திரும்பும். எனவே அப்பலாச்சிய மலைகளிற் பல இடங்களில், விரைந்து பரவும் அந்நியப் புல்லான பெஸ்கியூ விதைக்கப்பட்டது. மண்சரிவைத் தடுக்கவெனக் கனரக இயந்திரங்கள் மண்ணை இறுக்கின. மரவேர்கள் அதனுள் இறங்கவியலவில்லை. போர்வை இருந்தது, காடு மீளவில்லை. 2004இல் தொடங்கிய அப்பலாச்சியக் காட்டு மீட்பு முயற்சி, மண்ணைத் தளர்வாக விட்டு உள்ளூர் மரங்களை நடுவதை வலியுறுத்தியது இதனாலேயே. மாதிரிகள் பிழையின்றி எடுக்கப்பட்டிருப்பினும் இக்குறை நீங்கியிராது. எதை எண்ணுவது என்ற தெரிவிலேயே அது தங்கியிருந்தது.

சதுரமுறையின் ஆசிரியருள் ஒருவரான பவுண்ட் பின்னர் சட்ட அறிஞராகி, 1916 முதல் 1936 வரை ஹாவாட் சட்டபீடத் தலைவராக விளங்கினார். ஏட்டிலுள்ள சட்டத்துக்கும் நடைமுறையிலுள்ள சட்டத்துக்கும் இடையிலான இடைவெளியை 1910இல் எடுத்துக்காட்டியவரும் அவரே. அவர் வகுக்க உதவிய முறை, பின்னர் அதே இடைவெளியில் அகப்பட்டுக்கொண்டமை ஆழ்ந்து நோக்கத்தக்கது.

இதனால் எண்ணுதலைக் கைவிடுதல் வேண்டும் என்பது எமது முடிபன்று. எண்ணிக்கை இல்லையேல் நிறுவனத்தின் வாய்மொழியே சான்றாகிவிடும். கண்ணின் மயக்கத்தைக் களைந்த சதுரம் அறிவின் முன்னேற்றமே. ஆயின் புல்லின் பரப்பை எண்ணுவதா, காட்டின் மீட்சியை எண்ணுவதா என்பதைப் பிணைப்பணத்தின் தேவை தீர்மானிக்கலாகாது. அந்நிலத்தில் வாழ்ந்து, அதன் நீரை அருந்தும் மக்களின் தேவையே அதனைத் தீர்மானித்தல் வேண்டும்.