மூன்றாவது கேட்பு: 'ட்ரௌட் மாஸ்க் ரெப்ளிகா'வும் பரிச்சயக் கோட்பாட்டின் எல்லையும்

கேட்கக் கேட்கப் பிடித்துப்போகும் ஆல்பங்களைப் பற்றிப் பேசுவோர் அடிக்கடி எடுத்தாளும் சாட்சியம் ஒன்று உண்டு. 'சிம்ஸன்ஸ்' தொடரை உருவாக்கிய மாட் க்ரேனிங் சொன்னது அது. 1969இல், தம் பதினைந்தாம் வயதில், இசைஞர் கேப்டன் பீஃப்ஹார்ட்டும் அவர் குழுவும் பதிவுசெய்த 'ட்ரௌட் மாஸ்க் ரெப்ளிகா'வை அவர் வாங்கினார். முதல்முறை கேட்டபோது அதைவிட மோசமான ஒன்றைத் தாம் கேட்டதில்லை என்று தோன்றியது. வாசிப்பவர்கள் முயலக்கூட இல்லை என்று நினைத்தார். ஆனாலும் தயாரிப்பாளர் ஃபிராங்க் ஸாப்பா. இரட்டை இசைத்தட்டு வேறு, விலை அதிகம். எனவே மறுபடியும் போட்டுக் கேட்டார். மூன்றாவது முறை அளவில், இவர்கள் இதை வேண்டுமென்றேதான் இப்படி வாசிக்கிறார்கள் என்று புரிந்தது. ஆறாவதிலோ ஏழாவதிலோ முழுவதும் திறந்துகொண்டது. அதன்பின் அவர் கேட்டவற்றிலேயே தலைசிறந்த ஆல்பம் அதுதான்.

இந்தச் சாட்சியத்தின் முதல் படியையும் கடைசிப் படியையும் மட்டும் எடுத்துக்கொள்வது இதுவரையான ஆய்வுப் போக்கு. தொடக்கத்தில் வெறுப்பு, முடிவில் விருப்பம், நடுவே திரும்பத் திரும்பக் கேட்டல். ஆகவே விருப்பத்தை விளைவித்தது கேட்டலின் எண்ணிக்கையே என்று அது முடிவுகட்டுகிறது. சிலர் கொடுத்த காசையும் சேர்த்துக்கொள்வார்கள்: செலவை நியாயப்படுத்த மனம் தன்னைத்தானே சம்மதிக்க வைத்தது என்பார்கள். இரு விளக்கங்களிலும் மூன்றாவது கேட்புக்கு வேலையே இல்லை. சாட்சியத்தின் எடை முழுவதும் அந்த மூன்றாவது கேட்பில்தான் இருக்கிறது என்பது என் வாதம். வெறுப்பு விருப்பமாகும் முன்பே ஒரு கண்டுபிடிப்பு நிகழ்ந்துவிட்டது. அது ரசனைத் தீர்ப்பு அன்று; ஒலியைப் பற்றிய தகவல்.

திரும்பத் திரும்ப எதிர்ப்படுவதே விருப்பத்தை வளர்க்கும் என்னும் பரிச்சயக் கோட்பாட்டின் மூலத்தை மறுபடி பார்த்தால் இடைவெளி தெளிவாகத் தெரிகிறது. 1968இல் உளவியலாளர் ராபர்ட் ஸாயோன்ட்ஸ் தம் சோதனைகளில் பயன்படுத்தியவை பொருளற்ற சொற்கள், சீன எழுத்துகளை ஒத்த வடிவங்கள், முகங்களின் புகைப்படங்கள். பார்ப்பவருக்கு அவற்றின்மேல் முன்பே வெறுப்பு இல்லை. 1980இல் அவரும் குன்ஸ்ட்-வில்சனும் எண்கோண வடிவங்களை ஒரு மில்லி நொடி மட்டும் காட்டினார்கள். எதைப் பார்த்தோம் என்று அடையாளம் சொல்ல முடியாதவர்களும் முன்பு காட்டிய வடிவத்தையே விரும்பினார்கள். விளைவுக்கு விழிப்புணர்வே தேவையில்லை என்பது இக்கோட்பாட்டின் பெருமை. க்ரேனிங்கின் சாட்சியமோ முழுக்க விழிப்புணர்வைப் பற்றியது. அதைவிட முக்கியமானது, ப்ரிக்மனும் உடன் ஆய்வாளர்களும் 1972இல் கண்டது: தொடக்கத்திலேயே பிடிக்காத ஒன்றைத் திரும்பத் திரும்ப முன்வைத்தால் வெறுப்பு கூடுகிறது. அந்த முடிவின்படி க்ரேனிங் ஏழாவது முறையில் தட்டை உடைத்திருக்க வேண்டும். இசையை மட்டுமே எடுத்துக்கொண்ட 2004 ஆய்விலும் (ஸ்புனார், ஷெல்லன்பெர்க், ப்ளைனர்) கவனமின்றிக் காதில் விழுந்தபோது விருப்பம் சீராக ஏறியது. கவனித்துக் கேட்டபோது ஏறிப் பின் இறங்கியது. கவனித்துக் கேட்ட ஒருவருக்கு வெறுப்பில் தொடங்கி வாழ்நாள் பற்றாக முடிந்த ஒன்றை இக்கோட்பாட்டுக்குள் அடக்க, அதை எந்த வடிவத்துக்கும் வளையும் அளவுக்குத் தளர்த்த வேண்டியிருக்கும்.

காசு பற்றிய விளக்கம் நீண்ட மறுப்புக்கு உரியதன்று. விலை கொடுத்த ஒருவர் ஏன் மறுபடி கேட்டார் என்பதை அது சொல்லும். கேட்டபோது ஏன் குறிப்பாக இதைக் கண்டார் என்பதைச் சொல்லாது.

அப்படியானால் மூன்றாவது முறையில் கண்டறிய அந்தத் தட்டில் என்ன இருந்தது? குழுவின் இசைஞர்கள் பின்னாளில் எழுதிய நூல்களிலிருந்தே பலரும் இதற்கு விடை தேடுகிறார்கள். ஜான் ஃப்ரெஞ்ச், பில் ஹார்க்கிள்ரோட் இருவரின் நினைவுகளும் விலைமதிப்பற்றவை. லாஸ் ஏஞ்சலிஸின் உட்லண்ட் ஹில்ஸ் பகுதியில் ஒரு வாடகை வீட்டில், எட்டு மாதம் என்று பொதுவாகச் சொல்லப்படும் காலம், நாளின் பெரும்பகுதி ஒத்திகை. பிறகு க்ளெண்டேலின் விட்னி ஒலிப்பதிவுக்கூடத்தில் ஏறத்தாழ ஆறு மணி நேர ஒரே அமர்வில் இருபது பாடல்களின் வாத்தியப் பகுதிகள். குழப்பமாகக் கேட்பது உண்மையில் மனப்பாடம் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். ஆனால் 1969இல் ஒரு பதினைந்து வயதுப் பையனுக்கு இவை எதுவும் தெரியாது. அவன் கையில் இருந்தது தட்டு மட்டுமே. சான்று அந்தத் தட்டுக்குள்ளேயே இருந்தாக வேண்டும்.

இருக்கிறது. முதல் பக்கத்தின் கடைசிக்கு முந்தைய இடத்தில் 'ஹேர் பை: பேக் 1' வருகிறது. மூன்றாம் பக்கம் 'ஹேர் பை: பேக் 2'வுடன் தொடங்குகிறது. பெயர் ஒற்றுமையைப் பீஃப்ஹார்ட்டின் சொல்விளையாட்டு என்று எண்ணிக் கடந்துபோவது எளிது. முதலாவது வீட்டில் பதிவானது: வெளியே தோட்டத்தில் பீஃப்ஹார்ட்டும் விக்டர் ஹேடனும் ஊதுகருவிகளில் கட்டற்று வாசிக்க, உள்ளே குழு தன் போக்கில் போகிறது, முடிவில் வந்திருந்தவர்களுடன் நடக்கும் பேச்சுகூடத் தட்டில் இருக்கிறது. இரண்டாவது ஒலிப்பதிவுக்கூடத்தில் பதிவானது. ஊதுகருவிகள் இல்லை, குழு மட்டும். குழு வாசிப்பது இரண்டிலும் ஒரே உருப்படி. முதல் கேட்பில் இது தெரிய வழியில்லை. முதலாவதில் காதை நிறைப்பது ஊதுகருவிகளின் அலறல். இரண்டாவதை எட்டுவதற்குள் இடையே ஒரு முழுப் பக்கம் ஓடிவிடுகிறது. மறுபடி கேட்கையில்தான், மூன்றாம் பக்கத்தில் தெளிவாகக் கேட்ட கிதார்ச் சொற்றொடர்கள் முதல் பக்கத்தில் அந்த அலறலுக்கு அடியில் அதே வரிசையில் நகர்வதைக் காது பிடிக்கிறது. தற்செயலாகப் பிறந்ததை இரு வேறு இடங்களில், இரு வேறு நாட்களில், இப்படி மறுபடி வாசிக்க இயலாது.

க்ரேனிங் இதைத்தான் கவனித்தார் என்று சொல்ல எனக்கு ஆதாரம் இல்லை. அவர் எந்தப் பாடலையும் குறிப்பிடவில்லை. நான் சொல்வது அதைவிடச் சிறியது, ஆனால் வாதத்துக்குப் போதுமானது: இவர்கள் வேண்டுமென்றே வாசிக்கிறார்கள் என்ற முடிவுக்கு, வெளித்தகவல் எதுவுமின்றி, மறுபடி கேட்டவர் மட்டும் வந்து சேரும்படியான சான்றை ஆல்பமே தன்னுள் வைத்திருக்கிறது. முதல்முறை கேட்டவருக்கு அந்தச் சான்று எட்டாது.

இங்கே எழும் ஆட்சேபம் கனமானது. ஒலிப்பதிவு எதையும் உறையவைத்துவிடும். தட்டுமுட்டுச் சாமான்கள் சரிந்து விழும் ஓசையைப் பதிவுசெய்து பத்துமுறை கேட்டாலும், அடுத்து எது விழும் என்று மனம் சொல்லிவிடும். அதையும் வேண்டுமென்றே செய்தது போலக் கேட்கத் தொடங்குவோம். உண்மைதான். ஆனால் அந்தப் பரிச்சயம் அந்த ஒரு பதிவோடு நின்றுவிடும். ட்ரௌட் மாஸ்கைக் கேட்டுப் பெற்ற அறிவு அந்தத் தட்டைத் தாண்டியும் செல்லுபடியாகிறது. ரெவனன்ட் நிறுவனம் 1999இல் வெளியிட்ட 'க்ரோ ஃபின்ஸ்' தொகுப்பில் அந்த வீட்டுப் பதிவுகள், பெரும்பாலும் குரல் இல்லாமல், கிடைக்கின்றன. 'ஃப்ரௌன்லேண்ட்' இரண்டு நிமிடத்துக்கும் குறைவான பாடல். அதன் இரு வடிவங்களையும் அடுத்தடுத்து வைத்துக் கேட்பவர், கிதார்கள் ஒரு சொற்றொடரை விட்டு அடுத்ததற்குத் தாவும் இடங்கள் மாறாமல் இருப்பதைக் கேட்பார். ஆல்பத்தை நன்கறிந்த காது, இதற்குமுன் கேட்டறியாத இந்தப் பதிவிலும் அடுத்தது என்ன என்பதைச் சரியாகச் சொல்லும். அது அறிந்துவைத்திருப்பது பதிவை அன்று, இயற்றப்பட்ட உருப்படியை. ஒரு வகைக்குப் பழகிய மனம் அதே வகையின் புதியவற்றையும் விரும்பும் என்று இதற்கும் பரிச்சயக் கோட்பாட்டார் விடை வைத்திருக்கிறார்கள். வகை வேறு, உருப்படி வேறு. அந்த விடை இங்கே பொருந்தாது.

இந்த இசையின் கட்டுமானத்தைத் தாளம் போட்டுக் கேட்டுப் பழகியவர்களுக்கு விளக்குவது எளிது. இரு கிதார்களும் பாஸும் டிரம்ஸும் பல இடங்களில் வெவ்வேறு நீளமுள்ள சுழற்சிகளில் ஓடுகின்றன. ஒன்று ஐந்திலும் மற்றொன்று ஏழிலும் சுழன்றால் அவை முப்பத்தைந்தில் கூடும். கச்சேரியில் தனி ஆவர்த்தனத்தின் கோர்வை சமத்தில் வந்து இறங்கும்போது, தாளத்தை விடாமல் போட்டுக்கொண்டிருந்தவருக்குத்தான் அந்த இறக்கத்தின் முழு இன்பமும் கிட்டும். ஆனால் கச்சேரியில் தாளம் எல்லோர் கையிலும் வெளிப்படையாக இருக்கிறது. ட்ரௌட் மாஸ்கில் யாரும் தாளம் காட்டுவதில்லை. டிரம்ஸே தனக்கென ஒரு வழியில் போகிறது. கேட்பவர் ஒரு வாத்தியத்தைத் தாமே தெரிந்தெடுத்து, அதன் சுழற்சியை மனத்தில் ஏற்றிக்கொண்டு, மற்றவற்றை அதன்மேல் வைத்துக் கேட்க வேண்டும். அடுத்த முறை வேறொரு வாத்தியம். இந்த ஆல்பத்துக்கு மறுகேட்பு இன்றியமையாததாவது இதனால்தான். நான்கு இழைகளையும் ஒரே கேட்பில் தனித்தனியே பின்தொடர யாராலும் ஆகாது. பரிச்சயக் கோட்பாட்டின் ஏழு கேட்புகளும் ஒரே கேட்பின் ஏழு படிகள். இங்கே நடப்பவை வெவ்வேறு வேலைகளைச் செய்யும் ஏழு கேட்புகள்.

ஒரு விட்டுக்கொடுத்தல் அவசியம். குரல் இந்த வாதத்துக்குள் அடங்காது. பீஃப்ஹார்ட் குழுவுடன் ஒத்திகை செய்து பாடியவர் அல்லர். ஒலிப்பதிவில் ஹெட்ஃபோனை மறுத்து, கண்ணாடித் தடுப்பு வழியே கசிந்த ஒலியை மட்டும் கேட்டபடி பாடினார். ஆகவே குரல் வாத்தியங்களின்மேல் விழும் இடங்களில் பல தற்செயலானவை. அந்தப் பிசகுகளும் நாளடைவில் தவிர்க்க முடியாதவை போல இனிக்கின்றன என்றால், அதற்குப் பரிச்சய விளக்கமே போதும். கிதார்களுக்கு அது போதாது. ஒரே ஆல்பத்தில் இரு வகை விருப்பங்களும் அடுத்தடுத்து நிற்பதால்தான் இது ஆய்வுக்கு இத்தனை ஏற்ற பொருளாகிறது. முதல் கேட்பின் வெறுப்புக்குப் பெரும் பங்கு இந்தக் குரலுடையது என்றும் கருதுகிறேன். முன்னால் நின்று பின்னால் உள்ள ஒழுங்கை அதுவே மறைக்கிறது. குரலே இல்லாத 'டாலிஸ் கார்' என்ற இரு கிதார் உருப்படியில் அந்த மறைப்பு இல்லை.

மூன்றாவது கேட்பில் கண்டறியப்படுவது யாருடைய நோக்கம் என்ற கேள்வியையும் தவிர்க்க முடியாது. முழு ஆல்பத்தையும் பியானோவில் எட்டரை மணி நேரத்தில் இயற்றியதாகப் பீஃப்ஹார்ட் சொல்லிவந்தார். இசைஞர்கள் அதை மறுக்கிறார்கள். உட்சான்றுகளும் அவர்கள் பக்கமே. பீஃப்ஹார்ட் பியானோ பயின்றவர் அல்லர். அவர் தட்டிக் காட்டிய துணுக்குகளைத் தாளில் எழுதி, ஒழுங்குபடுத்தி, ஒவ்வொருவருக்கும் அவரவர் பகுதியைக் கற்றுக்கொடுத்தவர் ஃப்ரெஞ்ச். முதல் வெளியீட்டின் உறையில் அவர் பெயரே இல்லை. அந்த வீட்டில் நிலவிய உணவுத் தட்டுப்பாட்டையும் மனக் கொடுமையையும் பற்றி ஃப்ரெஞ்ச், ஹார்க்கிள்ரோட் இருவரும் எழுதியிருக்கிறார்கள். இதைப் பின்னணிச் செய்தி என்று ஒதுக்க என்னால் முடியவில்லை. மேதையின் ஒருநாள் ஆவேசம் என்ற கதையை நம்பும் ஆய்வாளர், தட்டில் கேட்கும் ஒழுங்குக்கு வேறு மூலம் தேட வேண்டியிருக்கிறது. அதைக் கேட்பவரின் மனத்திலேயே வைத்துவிடுகிறார். பரிச்சய விளக்கம் இங்கே இவ்வளவு எளிதாக வேரூன்றியதற்கு அந்தக் கட்டுக்கதையும் ஒரு காரணம் என்றே கருதுகிறேன். இளைஞர்கள் நால்வர் மாதக்கணக்கில் விரல்களில் ஏற்றிவைத்த ஒழுங்கு அது. அதைக் கேட்பவரின் பழக்கம் என்று சொல்வது, உறையில் விடுபட்ட பெயரை மறுபடியும் விட்டுவிடுவதாகும்.

க்ரேனிங்கின் சாட்சியம் நெடுங்காலத்துக்குப் பின் சொல்லப்பட்ட நினைவு. மூன்று, ஆறு, ஏழு என்ற எண்களில் கதைசொல்லியின் கைவண்ணம் இருக்கலாம்; மனமாற்றக் கதைகளுக்கே உரிய அழகான வடிவம் அதற்கு உண்டு. எண்கள் தவறென்று வைத்துக்கொண்டாலும் படிகளின் வரிசை நிற்கிறது: முதலில் நோக்கம் தெரிந்தது, பிறகுதான் இன்பம் வந்தது. நோக்கத்தை நம்பவைத்தது ஸாப்பாவின் பெயரே என்று சிலர் சொல்லக்கூடும். அந்தப் பெயர் தட்டின் உறையில் முதல் நாளிலிருந்தே இருந்தது. முதல்முறையிலேயே நம்பவைத்திருக்க வேண்டிய பெயர் மூன்றாவது முறைவரை காத்திருந்தது ஏன்?

இந்த வேறுபாட்டைச் சோதனையாகவே வைத்துப் பார்க்கலாம். ட்ரௌட் மாஸ்கை அறியாத இரு குழுக்கள். ஒன்றுக்கு 'ஃப்ரௌன்லேண்ட்' உள்ளபடியே. மற்றதற்கு அதன் சொற்றொடர்களை வெட்டி வரிசை கலைத்த வடிவம், ஒவ்வொரு முறையும் மாறாத அதே கலைப்பு. இரு குழுவும் ஒரே எண்ணிக்கையில் கேட்கட்டும். ஒவ்வொரு கேட்புக்குப் பின்னும் இரு கேள்விகள், இந்த வரிசையில்: இது திட்டமிட்டு வாசித்ததா, இது பிடித்திருக்கிறதா. கடைசியில் இரு குழுவுக்கும் வீட்டுப் பதிவு. பரிச்சயக் கோட்பாடு சரியென்றால் இரு குழுவிலும் விருப்பம் ஒரே சீராக நகரும். முதல் கேள்வியின் விடைக்கும் இரண்டாவதன் விடைக்கும் தொடர்பிருக்காது. என் வாசிப்பு சரியென்றால், உள்ளபடி கேட்ட குழுவில் முதல் கேள்விக்கான விடை முந்தி மாறும், விருப்பம் அதைத் தொடர்ந்து மாறும். வீட்டுப் பதிவில் அடுத்து வருவதை முன்கூட்டிச் சொல்லவும் அந்தக் குழுவால் மட்டுமே இயலும்.