வெள்ளிக் களிமண் நகைகளில் அலங்காரம்: சூட்டின் வரிசையில் ஒரு வகைப்பாடு

1. அணுகுமுறை

வெள்ளிக் களிமண் பற்றிய செய்முறை நூல்கள் அலங்கார வேலைகளைப் பெரும்பாலும் கருவிவாரியாகப் பிரிக்கின்றன: அச்சு, சிரிஞ்சு, கல், வண்ணம் என்று. கற்றுக்கொடுக்க வசதியான பிரிவுதான். ஆனால் ஒரே பதக்கத்தில் சிவப்புக் கல்லும் தங்கத் தகடும் ஒரு முத்தும் வேண்டும் என்று நினைப்பவருக்கு எதை முதலில் தொடுவது என்பதை அது சொல்லாது. இக்கட்டுரை ஒவ்வொரு அலங்காரப் பொருளையும் அது தாங்கக்கூடிய சூட்டை வைத்து வகைப்படுத்துகிறது. அதிகச் சூடு வேண்டும் வேலை முன்னால், குறைந்த சூட்டோடு முடிவது பின்னால். இந்த இறங்குவரிசையில் வைத்தால் வேலையின் ஒழுங்கு தானாக வந்துவிடுகிறது.

2. பொருளின் இயல்பு

பெயரில் களிமண் இருந்தாலும் இதில் மண் கிடையாது. மிக நுண்ணிய தூய வெள்ளித் துகள், எரிந்து போகக்கூடிய கரிமப் பசை, தண்ணீர், இவ்வளவே. ஜப்பானில் மிட்சுபிஷி மெட்டீரியல்ஸ் நிறுவனத்தில் 1990 வாக்கில் உருவான இது, பி.எம்.சி. என்ற பெயரில் உலகச் சந்தைக்கு வந்தது. ஐடா கெமிக்கல் நிறுவனத்தின் ஆர்ட் கிளே அதற்குப் போட்டியாக வந்த இன்னொரு ஜப்பானியத் தயாரிப்பு.

சூளையில் வெள்ளி உருகுவதில்லை. அதன் உருகுநிலை ஏறக்குறைய 962 டிகிரி செல்சியஸ். அதற்குக் கீழேயே, பசை எரிந்து போனபின், துகள்கள் தொட்டுக்கொள்ளும் இடங்களில் அணுக்கள் நகர்ந்து ஒட்டிக்கொள்கின்றன. இடைவெளிகள் மூடுவதால் பொருள் சுருங்குகிறது. முதலில் வந்த வகையை 900 டிகிரியில் இரண்டு மணி நேரம் சுட வேண்டியிருந்தது. அது நீளத்தில் 28 விழுக்காடு வரை சுருங்கியது. பின்னால் வந்த குறைசூட்டு வகைகளுக்கு 650 டிகிரியில் அரைமணி நேரம் போதும். சுருக்கம் 10 விழுக்காட்டுக்குள் நிற்கும். 20 மில்லிமீட்டர் வட்டம் முன்னதில் 14.4 மில்லிமீட்டராகவும் பின்னதில் சுமார் 18 மில்லிமீட்டராகவும் வெளிவரும்.

அலங்காரம் செய்பவர் மறக்கக் கூடாத இயல்புகள் இரண்டு. ஒன்று, இந்தச் சுருக்கம். மற்றது, எவ்வளவு நன்றாகச் சுட்டாலும் உள்ளே தங்கிவிடும் நுண்துளைகள். இனி வரும் சிக்கல்களில் பாதிக்கு மேல் இந்த இரண்டிலிருந்தே கிளம்புகின்றன.

3. சுடுவதற்கு முன்

ஈரக் களிமண் எந்த மேற்பரப்பின் மீது அழுந்தினாலும் அதன் பதிவை வாங்கிக்கொள்ளும். ஜரிகைக் கரை, மரச் செதுக்கல், ரப்பர் அச்சு எதுவானாலும் சரி. சுருங்கும்போது பதிவும் சேர்ந்து சுருங்குவதால் கோடுகள் கூர்மையாகின்றன. தட்டு வேலையில் எளிதில் கைவராத நுணுக்கம் இது. இந்த எளிமையே தீங்காகவும் முடிந்திருக்கிறது. கடையில் வாங்கிய அதே ரப்பர் தகட்டை அழுத்திய பதக்கங்கள் எந்த நாட்டில் செய்தாலும் ஒன்றுபோலவே இருக்கின்றன.

அச்சைவிட இலை வேலை சுவையானது. களிமண்ணைத் தண்ணீரில் குழைத்துப் பசையாக்கி, நரம்பு புடைத்த இலையின் அடிப்பக்கத்தில் தூரிகையால் பூசுகிறார்கள். கொய்யா இலை இதற்குத் தோதானது. முதல் இரண்டு பூச்சும் தண்ணீராக இருக்க வேண்டும்; கெட்டியாகப் பூசினால் நரம்புகளுக்கு இடையே காற்று தங்கி, அந்த இடம் ஓட்டையாகிவிடும். ஒவ்வொரு பூச்சும் காய்ந்த பிறகே அடுத்தது. எட்டுப் பத்துப் பூச்சுக்குப் பிறகு இலையோடு சேர்த்தே சூளைக்குள் வைக்கலாம். இலை எரிந்து சாம்பலாக, அதன் ஒவ்வொரு நரம்பும் வெள்ளியில் நிற்கும். உள்ளீடற்ற மணி செய்வதற்கும் இதே வழிதான்: தக்கைத்தூள் உருண்டையின் மேல் பூசிச் சுட, தக்கை எரிந்து போகும். சுவாமிமலைச் சிற்பி மெழுகை உருக்கி வெளியேற்றிவிட்டுக் கிடைத்த வெற்றிடத்தில் உலோகத்தை வார்க்கிறார். இங்கே உலோகம் முதலிலேயே வந்து உட்கார்ந்திருக்கிறது.

நன்றாகக் காய்ந்த களிமண்ணைச் செதுக்கலாம், அரம் போடலாம், துளையிடலாம். தண்ணீரால் அரிக்கும் முறையும் ஒன்று உண்டு. மேலே நிற்க வேண்டிய கோலத்தை நகப்பூச்சு போன்ற நீர் புகாத எதையாவது கொண்டு வரைந்து, காய்ந்தபின் ஈரப் பஞ்சால் மெல்லத் துடைத்தால் மூடாத பகுதி கரைந்து பள்ளமாகும். துடைத்து எடுத்த வெள்ளியும் வீணாவதில்லை. பஞ்சைப் பிழிந்து தெளியவிட்டால் அடியில் பசையாகக் கிடைக்கும்.

4. சூளைக்குள் போகும் பொருள்கள்

4.1 கற்கள்

களிமண் சுருங்கும், கல் சுருங்காது. 10 விழுக்காடு சுருங்கும் களிமண் கல்லை இறுகப் பிடித்துக்கொள்கிறது. 28 விழுக்காடு சுருங்குவது கல்லை மேலே பிதுக்கி வெளியே தள்ளிவிடும், அல்லது தானே விரிசல் விடும். ஆகவே கல்லின் இடுப்பு விளிம்பு மேற்பரப்புக்குக் கொஞ்சம் கீழே போகும்வரை அழுத்த வேண்டும். அடியில் ஒரு சிறு துளை இருந்தால் கல்லின் கூர்முனைக்கு இடமும் ஒளி புக வழியும் கிடைக்கும். கல் கட்டிப் பழகியவர்களுக்கு இந்தத் துளையின் அருமை தெரியும்.

எந்தக் கல் தாங்கும் என்பதற்கு விடை அது பிறந்த விதத்தில் இருக்கிறது. கியூபிக் சிர்கோனியாவும் (நம் கடைகளின் ‘அமெரிக்கன் டைமண்ட்’) செயற்கைக் கெம்பும் நீலமும் 2000 டிகிரிக்கு மேல் உருகிய குழம்பிலிருந்து வளர்பவை. 650 டிகிரி அவற்றுக்குப் பெரிதில்லை. திருச்சி வட்டாரத்தில் குடிசைத் தொழிலாகப் பட்டை தீட்டப்படும் செயற்கைக் கற்கள் இந்த வேலைக்கு அப்படியே பொருந்தும். சூட்டை அவை தாங்கும். திடீர்க் குளிர்ச்சியைத் தாங்கா. கல் வைத்த நகையைச் சூளையிலிருந்து எடுத்ததும் தண்ணீரில் போட்டால் கல் வெடித்துவிடும். சில நிறங்கள் மாறவும் கூடும் என்பதால், ஒரு கல்லைத் தனியே சுட்டுப் பார்த்துவிடுவது நல்லது.

இயற்கைக் கற்களில் கதை வேறு. செவ்வந்திக்கல்லின் ஊதா, சூட்டில் வெளிறி மஞ்சளாகிறது. ஓப்பலிலும் டர்க்காய்ஸிலும் தண்ணீர் அடங்கியிருப்பதால் ஒன்று வெடிக்கும், மற்றது நிறம் இழக்கும். மரகதம் உள்விரிசல்கள் வழியே பிளக்கும்.

4.2 கம்பி

பதக்கத்தில் கொக்கியோ முள்ளோ புதைப்பதானால் 999 தூய வெள்ளிக் கம்பியே வேண்டும். 925 வெள்ளியில் 7.5 விழுக்காடு செம்பு இருக்கிறது. சூளையில் அது கருத்து, உயர்சூட்டில் கம்பியே நொறுங்கத் தொடங்கும்.

5. சுட்டபின்

சூளையிலிருந்து வரும் வெள்ளி வெள்ளையாக, சுண்ணாம்பு அடித்ததுபோல இருக்கும். முதன்முறை பார்ப்பவர் கெட்டுப்போனதென்றே நினைப்பார். மேற்பரப்புத் துகள்கள் ஒளியைச் சிதறடிப்பதே காரணம். பித்தளைத் தூரிகையில் சோப்புத் தண்ணீர் தொட்டுத் தேய்த்தால் வெள்ளி தெரியும்.

5.1 எனாமல் (750 முதல் 800 டிகிரி)

செம்பில்லாத தூய வெள்ளி சூட்டில் கருப்பதில்லை. அதனால் ஒளி ஊடுருவும் எனாமலுக்கு இதைவிட நல்ல தளம் கிடைப்பது அரிது. நீலமும் பச்சையும் வெள்ளியின் மேல் ஒளிர்கின்றன. சிவப்பு மட்டும் முரண்டு பிடிக்கும். வெள்ளியோடு வினைபுரிந்து பழுப்பாகிவிடுவதால், அதன் அடியில் நிறமற்ற எனாமலோ தங்கத் தகடோ இட வேண்டும். நுண்துளைகளின் தொல்லை முழுதாகத் தெரிவதும் இங்கேதான். துளைக்குள் தங்கிய காற்று குமிழாக மேலே வரும். எனாமல் இட இருக்கும் துண்டை வகைக்கேற்ற உச்சச் சூட்டில் நீண்ட நேரம் சுட்டு, மேற்பரப்பை எஃகுக் கருவியால் அழுத்தித் தேய்த்து மூடிவிட வேண்டும்.

5.2 தங்கத் தகடு (சுமார் 350 டிகிரி)

கொரியக் கைவினையான கும்பூ, வெள்ளிக் களிமண்ணுக்கென்றே பிறந்ததுபோலப் பொருந்துகிறது. 24 காரட் மென்தகட்டை வெள்ளியின் மேல் வைத்து, மின்தட்டில் சூடேற்றி, அகேட் கல் பதித்த கருவியால் அழுத்துவார்கள். பசையும் இல்லை, பற்றவைப்பும் இல்லை. சூட்டிலும் அழுத்தத்திலும் இரு உலோகங்களின் அணுக்கள் ஒன்றுக்குள் ஒன்று ஊடுருவிப் பிடித்துக்கொள்கின்றன. 925 வெள்ளியில் இதைச் செய்ய, பலமுறை சூடேற்றி அமிலத்தில் இட்டு மேற்பரப்புச் செம்பை நீக்கியாக வேண்டும். களிமண் வெள்ளி தூய வெள்ளியாகவே வருவதால் அந்த வேலை மிச்சம்.

இனிப்புக் கடையில் ஒட்டும் அளவு மெல்லிய தங்க ரேக்கு இதற்கு உதவாது. வெள்ளிக்குள் கரைந்து காணாமல் போகும். தங்கமும் வெள்ளியும் ஒன்றில் ஒன்று முழுதாகக் கரையக்கூடியவை. ஒட்டிய தகட்டையே மறுபடி உயர்சூட்டில் நெடுநேரம் வைத்தாலும் மஞ்சள் வெளிறத் தொடங்கும். வெளியே தெரிய வேண்டிய தங்கத்தை எனாமலுக்குப் பிந்திய படியில் இங்கே வைத்ததன் காரணம் இதுவே.

5.3 கந்தகம் (வெந்நீர்ச் சூடு)

பொட்டாசியம் சல்பைடு கலவையை வெந்நீரில் கரைத்து நகையைத் தோய்த்தால் வெள்ளி சல்பைடு படலம் படிகிறது. கொலுசு கருப்பதும் இதே சேர்மத்தால்தான். படலம் தடிக்கத் தடிக்க நிறம் பொன்மஞ்சள், செம்மை, நீலம் என ஓடிக் கருப்பில் முடியும். நிறமேற்றும் பொருள் எதுவும் இதில் இல்லை. மெல்லிய படலத்தில் ஒளி பட்டுத் திரும்பும் விளைவு அது. நடுவழியில் நிறுத்திய நீலமும் செம்மையும் படத்தில் அழகாக இருக்கும். அணிய அணிய மங்கி மாறும். விற்பனைக்கு என்றால் கருப்பு ஒன்றையே நான் பரிந்துரைப்பேன். பள்ளத்தில் கருப்பை விட்டுவிட்டு மேடுகளைத் தேய்த்தெடுத்தால் 3ஆம் பிரிவில் சொன்ன இலை நரம்புகள் அப்போதுதான் கண்ணுக்குப் படும். தங்கத்தைக் கந்தகம் தொடாது. ஆதலால் கும்பூ செய்த துண்டைத் தோய்க்கும்போது வெள்ளி மட்டுமே இருண்டு தங்கம் தனியே எழும்.

5.4 சூடே ஆகாதவை

முத்து, பவளம், அம்பர், ஓப்பல் எல்லாம் கடைசியில் வருபவை. முத்து கால்சியம் கார்பனேட்டும் கரிமப் புரதமும் சேர்ந்தது. சூளையில் அதன் பளபளப்பு தங்காது. கந்தகக் கரைசலும் அதற்கு ஆகாது. வேலையில் கடைசியாகச் சேர்ந்தாலும் முத்துக்கான ஏற்பாடு ஈர நிலையிலேயே தொடங்கியாக வேண்டும். அது உட்காரும் இடத்தில் ஒரு குழியும், குழி நடுவில் 999 வெள்ளிக் கம்பி முள் ஒன்றும் வைத்துச் சுட வேண்டும். குழியைச் சுருக்கத்தின் அளவுக்கு அகலமாக எடுக்க வேண்டும்: 6 மில்லிமீட்டர் முத்துக்கு 10 விழுக்காட்டுக் களிமண்ணில் சுமார் 6.7 மில்லிமீட்டர். மற்ற வேலையெல்லாம் முடிந்தபின் முள்ளை வெட்டி அளவாக்கி, நுனியைச் சொரசொரப்பாக்கி, பாதித் துளையிட்ட முத்தை எப்பாக்சிப் பசையால் அதில் செருகுவார்கள்.