நாய்க்கு உப்பு போட்டா முடி கொட்டுமா? வீட்டுச் சாப்பாடு கொடுப்பவர்கள் கவனத்துக்கு!

"நாய்க்கு உப்பு போடாதே, முடி கொட்டிடும்." நாய் வளர்க்கும் வீடுகளில் இந்த அட்வைஸ் கேட்காமல் இருக்க முடியாது. குழம்பு வைப்பதற்கு முன்பே நாய்க்கென்று கொஞ்சம் கறியை உப்பில்லாமல் தனியாக வேகவைத்து எடுத்து வைப்பவர்களும் உண்டு. உண்மையில் நாய்க்கு உப்பே ஆகாதா?

ஆகும். அளவுதான் விஷயம். உப்பில் உள்ள சோடியம் இல்லாமல் நாயின் நரம்பும் தசையும் வேலை செய்யாது. உடம்பில் நீரின் அளவு சரியாக இருப்பதற்கும் அது தேவை. ஆனால் நமக்கு வியர்த்துக் கொட்டுவது போல நாய்க்கு வியர்க்காது. பாதத்தில் மட்டும் லேசாக வியர்க்கும். மற்றபடி நாக்கைத் தொங்கப்போட்டு மூச்சிரைத்துத்தான் சூட்டைத் தணிக்கும். அதனால் வெயில் காலத்தில்கூட உப்பு அதிகம் வெளியேறாது.

எவ்வளவு தேவை?

அமெரிக்காவின் தேசிய ஆராய்ச்சிக் குழு 2006-ல் வெளியிட்ட அளவுப்படி, 10 கிலோ எடையுள்ள வளர்ந்த நாய்க்கு ஒரு நாளைக்கு சுமார் 150 மில்லிகிராம் சோடியம் போதும். உப்பாகச் சொன்னால் அரை கிராம்கூட இல்லை, ஒரு சிட்டிகை. இரண்டு முட்டையிலேயே கிட்டத்தட்ட அந்த அளவு வந்துவிடும். 100 கிராம் கோழிக்கறியில் சுமார் 70 மில்லிகிராம் இருக்கும். வெறும் சோற்றில் மட்டும் சோடியம் அநேகமாக இல்லை. தினமும் சோறும் கொஞ்சம் மோரும் மட்டும் சாப்பிடும் நாய்க்கு சோடியத்தோடு புரதம், கால்சியமும் குறையும். அதை ஒரு சிட்டிகை உப்பால் சரிக்கட்ட முடியாது.

முடி கொட்டுவதற்கு உப்புதான் காரணம் என்பதற்கு ஆதாரம் இல்லை. உண்ணி, தெள்ளுப்பூச்சி, சொறி, பூஞ்சைத் தொற்று, அலர்ஜி என்று வேறு காரணங்கள் இருக்கும். உப்பை நிறுத்திவிட்டு டாக்டரிடம் போகாமல் இருப்பதுதான் சிக்கல். அதற்காக மீந்த சாம்பாரை ஊற்றலாம் என்று அர்த்தமில்லை. அதிலுள்ள வெங்காயமும் பூண்டும் நாயின் ரத்த சிவப்பணுக்களை அழிக்கும்.

உப்புத் தண்ணீர் வேண்டவே வேண்டாம்

நாய் எலி மருந்தைத் தின்றுவிட்டால் வாந்தி எடுக்க வைக்க உப்பைக் கரைத்து ஊற்றுவார்கள். இது ஆபத்து. ஒரு கிலோ எடைக்கு 2 முதல் 3 கிராம் உப்பு உள்ளே போனாலே விஷமாகும். 4 கிராம் உயிரையே பறிக்கலாம். ஒரு டேபிள்ஸ்பூன் உப்பு சுமார் 18 கிராம். 3 கிலோ குட்டிக்கு அதுவே உயிரைப் பறிக்கும் அளவைத் தாண்டிவிடும். வாந்தி, தீராத தாகம், தள்ளாட்டம், வலிப்பு என்று வரிசையாக வரும். எலி மருந்துக்குப் பிழைக்க வேண்டிய நாய் உப்பால் சாகக்கூடாது. மருந்து பாக்கெட்டையும் எடுத்துக்கொண்டு நேராக கால்நடை மருத்துவமனைக்கு ஓடுங்கள்.

கருவாடு, ஊறுகாய், அப்பளம் இருக்கும் டப்பாக்களை நாய்க்கு எட்டாமல் வையுங்கள். பீச்சுக்கு அழைத்துப் போனால் குடிதண்ணீரும் கொண்டு போங்கள், தாகத்தில் கடல்நீரைக் குடித்துவிடும்.

இதய நோய், சிறுநீரகக் கோளாறு உள்ள நாய்களுக்கு உப்பின் அளவை டாக்டர்தான் சொல்ல வேண்டும். மாத்திரையை பிரெட்டிலோ சீஸிலோ சுருட்டிக் கொடுப்பவர்கள் அதையும் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். ஒரு துண்டு பிரெட்டிலேயே 100 மில்லிகிராமுக்கு மேல் சோடியம் இருக்கும்.