வேறு அறுவை சிகிச்சைக்குப் பின் ஏற்படும் பித்தப்பை அழற்சி: அல்ட்ராசவுண்ட் பரிசோதனை

இதயம், பெருந்தமனி, குடல் முதலியவற்றில் பெரிய அறுவை சிகிச்சை செய்துகொண்ட சிலருக்கு, அடுத்த சில நாட்களிலோ வாரங்களிலோ பித்தப்பையில் அழற்சி ஏற்படுவதுண்டு. பித்தப்பையில் கல் இல்லாதவர்களுக்கும் இது வரலாம். வாய்வழி உணவின்றி நோயாளி பல நாட்கள் இருக்கும்போது பித்தப்பை சுருங்குவதில்லை; பித்தம் தேங்கிக் கெட்டியாகிறது. இரத்த அழுத்தம் குறைந்திருந்தால் பித்தப்பைச் சுவருக்குச் செல்லும் இரத்தமும் குறைகிறது. இந்நோய் அரிதானது. எனினும் தாமதமானால் சுவர் அழுகித் துளை விழக்கூடும்.

வலது மேல்வயிற்று வலி, காய்ச்சல், வாந்தி ஆகியவை இதன் அறிகுறிகள். ஆனால் செயற்கைச் சுவாசத்திலோ வலி நிவாரணிகளின் பிடியிலோ இருப்பவரால் வலியைச் சொல்ல இயலாது. காரணம் புலப்படாத காய்ச்சலும் இரத்தத்தில் வெள்ளணுக்களின் உயர்வும் மட்டுமே தடயமாக இருக்கலாம். அந்நிலையில் மருத்துவர் முதலில் நாடுவது அல்ட்ராசவுண்ட் பரிசோதனையையே. இதில் கதிர்வீச்சு இல்லை. நோயாளியின் படுக்கையருகிலேயே செய்யலாம். வழக்கமாக இதற்குச் சில மணி நேரம் உண்ணாதிருக்கச் சொல்வார்கள். அவசர நிலையில் அதற்காகக் காத்திருப்பதில்லை.

பித்தப்பைச் சுவர் 3 மில்லிமீட்டருக்கு மேல் தடித்திருத்தல், பை உப்பியிருத்தல், அதைச் சுற்றி நீர் கோத்திருத்தல், சுவருக்குள் காற்று காணப்படுதல் ஆகியவை கவனிக்கப்படுகின்றன. பித்தப்பையின் மேல் கருவியை அழுத்தும்போது வலி மிகுகிறதா என்பதும் பார்க்கப்படுகிறது. மயக்கத்தில் உள்ளவரிடம் இச்சோதனை பயன்படாது.

சுவர் தடித்திருப்பதை மட்டும் வைத்து முடிவுக்கு வர இயலாது. இதயச் செயலிழப்பு, கல்லீரல் நோய், இரத்தத்தில் அல்புமின் குறைவு ஆகியவற்றாலும் சுவர் தடிக்கும். மாறாக, தொடக்கத்தில் படம் இயல்பாகவும் தோன்றலாம். எனவே ஒரு நாள் கழித்து மீண்டும் பரிசோதனை செய்யச் சொன்னால், முதல் பரிசோதனை தவறு என்று கருத வேண்டாம். ஐயம் நீடித்தால் சி.டி. ஸ்கேன் அல்லது பித்த ஓட்டத்தைக் காட்டும் அணுக்கதிர் ஸ்கேன் செய்யப்படும்.

நோய் உறுதியானால் நுண்ணுயிர் எதிர்ப்பு மருந்துகள் தரப்படும். பித்தப்பையை அகற்றவும் நேரிடலாம். மீண்டும் ஓர் அறுவையைத் தாங்க இயலாதவர்களுக்கு, அல்ட்ராசவுண்ட் படத்தைப் பார்த்தபடியே தோல் வழியாகக் குழாய் செலுத்திப் பித்தம் வெளியேற்றப்படும். இக்குழாய் சில வாரங்கள் இருக்கலாம். அது நழுவினாலோ, பித்தம் வருவது திடீரென நின்றாலோ, காய்ச்சல் திரும்பினாலோ உடனே மருத்துவமனைக்குச் செல்லவும். நழுவிய குழாயைத் தாங்களே உள்ளே தள்ள முயலக் கூடாது.